பிள்ளையின் முகப்படம்: பார்ப்பவர் என்ன சொல்லலாம், எடுத்தவர் என்ன கேட்கலாம்

(குழந்தைகள் தினப் புகைப்படப் போட்டியை ஒட்டி நடந்த நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று திரையில் காட்டிய படம் பெற்றோரோடும் பிள்ளையோடும் பேசி முடிவு செய்தபடி இங்கே வெளியிடப்படவில்லை.)

டீயும் சமோசாவும் ஆறிவிடும், இருபது நிமிடத்தில் முடியுங்கள் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

போட்டிக்கு வந்த படங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் முகத்தை நெருங்கி எடுத்தவை. எல்லாம் நம் வாட்ஸ்அப் குழுவிலும் வந்தன. அவற்றுக்கு வந்த பதில்களை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். இரண்டே வகைதான். முதல் வகை: 'சூப்பர்', 'செம', கைதட்டும் படம், இதயப் படம். இரண்டாவது வகை: 'பாப்பா ஏன் இவ்வளவு கறுத்துட்டா?', 'வெயில்ல விடாதீங்க', 'தலையை வாரி விட்டிருக்கலாம்', 'பல் போன நேரத்துல ஏன் எடுத்தீங்க?', 'கொஞ்சம் குண்டாயிட்டான் போல'.

முதல் வகையால் படம் எடுத்தவருக்கு ஒரு நிமிட சந்தோஷம் கிடைக்கும். அடுத்த படத்தை எப்படி எடுப்பது என்று அது சொல்லாது. இரண்டாவது வகை படத்தைப் பற்றிப் பேசவே இல்லை, பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது. இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை அம்மாவின் போனைத் திறந்து குழுவில் வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். நாம் போகிற போக்கில் எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அந்தப் பிள்ளை மறக்காது. ஆகவே இன்று நான் பேச வந்தது இதைத்தான்: பிள்ளையின் முகத்தைக் காயப்படுத்தாமல், படத்தைப் பற்றி உபயோகமாகப் பேசுவது எப்படி?

செக்கிங் டேபிளில் கற்ற பாடம்

இது நமக்குப் புதிய வித்தை இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் தோலோடோ ஷூவோடோ சம்பந்தப்பட்டவர். நானும் பல வருடம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவன். அங்கே ஒரு ஜோடி கையில் வந்தால் 'நல்லா இல்லை' என்று தள்ளி வைக்க முடியாது. குறை இருக்கும் இடத்தில் சின்னதாக அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இரண்டு அப்பரும் நிறம் ஒத்துப்போகவில்லையா என்பதைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் லைனில் இருப்பவர் அதைச் சரி செய்ய முடியும். ஸ்டிக்கர் ஷூவின் மேல்தான் ஒட்டப்படும், தைத்தவர் நெற்றியில் ஒட்டப்படாது.

படத்துக்கும் அதே முறைதான். எந்த இடம், என்ன நடந்திருக்கிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று மூன்றும் சேர்ந்தால் அது உதவும் கருத்து. 'படம் டல்' என்றால் ஒன்றும் புரியாது. 'முகத்தின் இடது பக்கம் இருட்டாகிக் கண் தெரியவில்லை, ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி நிறுத்தியிருக்கலாம்' என்றால் நாளைக் காலையே அவர் மறுபடி எடுத்துப் பார்ப்பார்.

160 வருடத்துக்கு முந்தைய ஒரு முகப்படம்

ஒரு பிள்ளையின் முகப்படத்துக்குக் கருத்து கேட்பது எவ்வளவு பழைய சங்கதி என்பதற்கு ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒரு அம்மையார். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், இங்கிலாந்தில் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் இருந்தபோது, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமரா பரிசளித்தார்கள். 1863 டிசம்பர் அது. நிலக்கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆனது. கோழிக்கூண்டுக்குக் கண்ணாடி போட்டு ஸ்டுடியோ ஆக்கினார். சொல்லித்தர ஆள் கிடையாது.

அடுத்த மாதமே, 1864 ஜனவரியில், ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியை முகத்துக்கு நெருக்கமாக ஒரு படம் எடுத்தார். அப்போது கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுக்க வேண்டும். ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்கூட அசையாமல் உட்கார வேண்டும். பெரியவர்களாலேயே முடியாது. ஆனி உட்கார்ந்தாள். கேமரன் அன்றே அதை அச்சிட்டு, சட்டம் போட்டு, அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குக் கொடுத்தார். தன் முதல் வெற்றி என்று படத்தின் அடியில் எழுதி வைத்தார்.

ஆனால் லண்டன் புகைப்படச் சங்கத்தின் பத்திரிகை அவருடைய படங்களைக் கடுமையாகத் தாக்கியது. ஃபோகஸ் இல்லை, கறை இருக்கிறது, வேலை சுத்தமில்லை என்றார்கள். அவர் அதில் மனம் உடைந்து விட்டுவிடவில்லை. எழுதியவர்கள் நியாயமாக எழுதவில்லை என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். மங்கலான ஃபோகஸ் தற்செயலாகத்தான் முதலில் வந்தது. ஃபோகஸ் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன் என்றும் சொல்கிறார். அதாவது அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. அதைக் குறை என்று சொன்னவர்கள், 'ஏன் இப்படி நிறுத்தினீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1866ல் பெர்லினில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

கதையின் அடுத்த பாதிதான் நமக்கு முக்கியம். விமரிசனம் வேண்டாம் என்று அவர் கதவைச் சாத்தவில்லை. ஜான் ஹெர்ஷல் என்ற பெரிய விஞ்ஞானி அவருடைய நெடுநாள் நண்பர். படங்களை அவருக்கு அனுப்பி, கடிதம் எழுதி அபிப்பிராயம் கேட்டார். 1869ல் அவருடைய நெகடிவ் தகடுகளில் மேல்பூச்சு வெடித்துக் கோடு கோடாகப் போனது. அப்போது அதே லண்டன் சங்கத்துக்காரர்களிடமே போய், இது ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டார். சரியாகக் கழுவாததால் என்றார் ஒருவர், கடற்காற்றின் ஈரம் காரணம் என்றார் இன்னொருவர். ஒரே சங்கம்தான். 'படம் எப்படி?' என்ற இடத்தில் அடி விழுந்தது. 'இந்த இடத்தில் ஏன் வெடிக்கிறது?' என்று குறிப்பாகக் கேட்டபோது யோசனை கிடைத்தது. கேள்வியைப் பொறுத்துத்தான் பதில் வரும்.

ஆகவே குழுவில் படம் போடும்போது 'எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று வரி எழுதுங்கள். எதை நினைத்து எடுத்தேன், எது சரியாக வரவில்லை என்று எனக்கே தோன்றுகிறது, எதைப் பற்றி உங்கள் யோசனை வேண்டும். 'மழைக்கு அப்புறம் அவன் வேடிக்கை பார்த்த முகம் வேணும்னு எடுத்தேன். கண்ணு கூர்மையா வரலை. வெளிச்சமா, என் கை ஆடினதா, சொல்லுங்க.' இப்படிக் கேட்டால் 'ஏன் தலை வாரலை' என்று எழுத யாருக்கும் கை வராது.

திரையில் ஒரு படம்

இப்போது திரையைப் பாருங்கள். நம் குடியிருப்பில் ஒரு பிள்ளை. ஏழு வயது. அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுத்தான் காட்டுகிறேன். அவளே முன்வரிசையில் இருக்கிறாள். மாடிப்படித் திருப்பத்தில் போனில் எடுத்தது. முன்பல் இரண்டும் இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு நம்மைப் பார்க்கிறாள்.

முதலில், இதில் எது நன்றாக அமைந்திருக்கிறது என்று சொல்லுவோம். அம்மா குனிந்து, பிள்ளையின் கண் மட்டத்தில் போனைப் பிடித்திருக்கிறார். அதனால்தான் நாம் அவளோடு பேசுவது போல இருக்கிறது. நின்றபடி மேலிருந்து எடுத்தால் நெற்றி பெரிதாகி, தாடை சிறுத்து, பிள்ளை நம்மை அண்ணாந்து பார்க்கும். இரண்டாவது, கண்ணின் கருவிழியில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் தெரிகிறதே, அது படிக்கட்டு ஜன்னலின் பிரதிபலிப்பு. அது இருந்தால் கண்ணில் உயிர் இருக்கும். நல்லதைச் சொல்வது முகஸ்துதிக்காக இல்லை. எது சரியாக வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவையும் அதைச் செய்வார்.

இப்போது அம்பு ஸ்டிக்கர். ஒன்று, மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. பிள்ளையின் மூக்கு அப்படி இல்லை, இதோ இங்கேயே பார்க்கலாம். போனை ஒரு முழம் தூரத்தில் வைத்து எடுத்தால், காதை விட மூக்கு கேமராவுக்கு அதிக நெருக்கமாகி அப்படித் தெரியும். நான்கைந்து அடி தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் முகம் இயல்பாக வரும். இரண்டு, ஃபோகஸ் கண்ணில் விழாமல் காதோரத் தோட்டில் விழுந்திருக்கிறது. திரையில் கண்ணின் மேல் விரலால் தொட்டுவிட்டு எடுக்க வேண்டும். மூன்று, கன்னத்தில் ஒரு பச்சை சாயல். அது படிக்கட்டுச் சுவரின் பெயிண்ட். வெளிச்சம் சுவரில் பட்டு முகத்தில் விழுகிறது. இரண்டடி முன்னால் நகர்ந்தாலே போய்விடும். நான்கு, பின்னால் தெரியும் மீட்டர் பெட்டி. அதற்குச் சங்கம்தான் பொறுப்பு.

பாருங்கள், நான்கு குறை சொன்னேன். நான்கும் கேமரா, வெளிச்சம், சுவர் பற்றியவை. பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

வேலூர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகல் பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும், பிள்ளை கண்ணைச் சுருக்கும். காலை வெயில் ஏறுவதற்கு முன்போ மாலை சாய்ந்த பிறகோ எடுங்கள். நடுப்பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டு வாசற்படிக்கு உள்ளே, நிழலில், முகம் வெளிப்பக்கம் பார்க்க நிற்க வையுங்கள். அதை விட நல்ல ஸ்டுடியோ காசு கொடுத்தாலும் கிடைக்காது.

'கறுத்துட்டா' என்ற வார்த்தை

இனி சொல்லப் போவதுதான் நான் இன்று பேச ஒத்துக்கொண்டதற்குக் காரணம். குழுவில் வந்த பதில்களில் அதிகம் வந்த வார்த்தை 'கறுப்பு'. அதற்குப் பயந்து பெற்றோர் பியூட்டி ஃபில்டர் போடுகிறார்கள். சில போன்களில் நாம் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கிறது. செட்டிங்கில் போய் நிறுத்தினால்தான் நிற்கும்.

கேமராவுக்கே இந்தச் சாய்வு பழையது. கலர் ஃபிலிம் காலத்தில் லேபில் நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை வைத்திருப்பார்கள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் விவரமே இல்லாமல் இருட்டாகப் போயின. மரச்சாமான் செய்யும் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் தங்கள் பொருளின் பழுப்பு வித்தியாசங்கள் ஃபிலிமில் தெரியவில்லை என்று புகார் சொன்னது கோடக் ஃபிலிம் மாறுவதற்கு ஒரு காரணம் என்பது அந்தக் கம்பெனியில் இருந்தவர்களே சொன்ன செய்தி. நாற்காலிக்காகவும் சாக்லேட்டுக்காகவும் கேட்டார்கள். நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்க வேண்டாமா?

முகம் இருட்டாக வந்தால் அது வெளிச்சக் குறை. வெளிச்சத்தை மாற்றுங்கள், பின்னால் பளீரென்ற ஜன்னல் இருந்தால் திருப்பி நிறுத்துங்கள். மாறாக, போனே முகத்தை வெளுக்க வைத்தால், முகத்தைத் தொட்டுவிட்டு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், நிஜ நிறம் திரும்பி வரும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உள்ளே இருக்கும் செம்மையும் பொன்னும் அப்போதுதான் தெரியும்.

தோல்காரர்களுக்கு இதைத் தோல் பாஷையிலேயே சொல்லலாம். ஃபுல் கிரெய்ன் தோல் என்றால் மாட்டின் தோலில் இயற்கையாக இருக்கும் ரேகை, துளை எல்லாம் அப்படியே இருக்கும். கரெக்டட் கிரெய்ன் என்றால் மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, பெயிண்ட் பூசி, பொய்யாக ஒரு ரேகையை அச்சடிப்பது. எதற்கு விலை அதிகம் என்று ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபுல் கிரெய்னைத்தான் தடவித் தடவிப் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்ததும் நம் பிள்ளையின் முகத்தை பஃப்பிங் மெஷினுக்குள் விடுகிறோம். மச்சம் போகிறது, முழங்கால் போலக் கன்னத்திலும் இருந்த விளையாட்டுத் தழும்பு போகிறது, தாத்தாவிடமிருந்து வந்த நிறமும் போகிறது. பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தால் அது யார் பிள்ளை?

அதைவிட முக்கியம், ஃபில்டர் போட்ட படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு 'உன் நிஜ முகம் போதாது' என்று நாம் வாய் திறக்காமல் சொல்லிவிடுகிறோம்.

யார் வீட்டுப் பிள்ளை?

கடைசி விஷயம். போட்டிக்கு வந்ததில் சில படங்கள் நம் வீட்டுப் பிள்ளைகளுடையவை இல்லை. வாட்ச்மேன் அண்ணன் வீட்டுப் பிள்ளை, வேலைக்கு வரும் அக்காவோடு வரும் பிள்ளை, பக்கத்து மனையில் கட்டட வேலை செய்பவர்களின் பிள்ளை. அழகான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் கேட்டீர்களா?

1984ல் பெஷாவர் பக்கத்தில் ஒரு அகதி முகாமில், சுமார் 12 வயது ஆப்கான் சிறுமியின் முகத்தை ஸ்டீவ் மெக்கரி எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்தது. பச்சைக் கண், சிவப்புத் துணி, நம்மில் பலர் பார்த்திருப்போம். உலகமே அந்த முகத்தை அறிந்தது. அவள் பெயரை 2002 வரை எடுத்தவருக்கே தெரியாது. ஷர்பத் குலா என்பது அவர் பெயர். தன் முகம் உலகம் முழுக்கப் போனது அத்தனை வருடமும் அவருக்கே தெரியாது.

நான் சொன்ன கேமரன் அம்மையாரும் 1875ல் இலங்கைக்குக் குடிபோனார். 1879ல் அங்கேயே இறந்து, நம் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த மலைநாட்டில், பொகவந்தலாவையில் அடக்கமானார். இலங்கையிலும் மக்களைப் படம் எடுத்தார். ஒரு படத்தின் தலைப்பு களுத்துறைக் குடியானவர்கள் என்பது. அவ்வளவுதான், பெயர் கிடையாது. இங்கிலாந்துச் சிறுமி ஆனிக்குப் பெயர் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. இதை நம் குடியிருப்புக்குள் நாம் தொடரக் கூடாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் வருகிறது. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளும் அமைப்புகள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. நம் வீட்டுக்குள் நாம் படம் எடுத்து வைத்துக்கொள்வது வேறு. சங்கத்தின் இதழ் இணையத்தில் வருகிறது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கேட்டுப் போடுவது நம் கடமை. அம்மா அப்பாவிடம் கேட்டால் மட்டும் போதாது, பிள்ளையிடமும் கேளுங்கள். வேலைக்கு வரும் அக்காவால் நம் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வது கஷ்டம். அவர் தயங்கினாலே வேண்டாம் என்றுதான் அர்த்தம். சம்மதித்தால், ஒரு பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். அந்த வீட்டில் பிள்ளையின் படம் ஒன்றாவது சட்டம் போட்டுச் சுவரில் இருக்கட்டும்.

ஒரு சின்னத் தொழில்நுட்ப எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும் என்று சிலர் டாக்குமெண்டாக அனுப்புகிறார்கள். கருத்து கேட்க அது நல்லதுதான். ஆனால் அப்படி அனுப்பினால் படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்று கோரிக்கையோடு முடிக்கிறேன். முதலாவது, படங்களுக்குக் கருத்து சொல்ல மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இதே ஹாலில் கூடுவோம், குழுவில் வேண்டாம். நேரில் பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தால் நம் நாக்கு தானாகவே அடங்கும். இரண்டாவது, பிள்ளையின் நிறம், எடை, பல், முடி பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று சங்கம் ஒரு விதி வைக்கட்டும். மூன்றாவது, அடுத்த போட்டிக்குப் படத்தோடு ஒப்புதல் சீட்டும் வர வேண்டும். அதில் கையெழுத்துப் போடப் பெற்றோருக்கு ஒரு கோடு, பிள்ளைக்கு ஒரு கோடு. எழுதத் தெரியாத குட்டிகள் ஒரு பூ வரைந்தால் போதும்.

பிள்ளைகள் முதலில் எழுந்து போய் சமோசா எடுத்துக்கொள்ளலாம்.